கதவில் மாட்டும் காலை உணவு

பல பெரிய சுற்றுலாக் கப்பல்கள்ல, அறைக்கே காலைச் சாப்பாடு வரணும்னா எங்கே சொல்லணும் தெரியுமா? கதவுக் கைப்பிடியில!

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி, அறையில இருக்கிற அட்டையை எடுத்து, காபியா டீயா, ரொட்டியா பழமான்னு குறிச்சு, எத்தனை மணிக்கு வேணும்னும் காட்டி, கதவுக்கு வெளியே மாட்டிடணும். நாம தூங்கும்போது ஊழியர் வந்து எல்லா அட்டையையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவார். ஆயிரக்கணக்கான பேர் காலையில ஒரே நேரத்துல போன் பண்ணினா சமையலறை திணறிடும் இல்லையா? அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

இந்த அட்டை எங்கே கைகொடுக்கும்னு பாருங்க: நார்வேயில கெய்ராங்கர்னு ஒரு இடம். செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் ஒடுங்கி, வளைஞ்சு வளைஞ்சு உள்ளே போகும். பல கப்பல்கள் அதுக்குள்ள நுழையறது காலை நேரத்துலதான். ஏழு சகோதரிகள்னு பேர் வெச்ச அருவி பாறையில இறங்கறதை, பால்கனியில காபியோட உட்கார்ந்து பார்க்கணும். அந்த நேரத்துல போய் சாப்பாட்டுக் கூடத்துல வரிசையில நிக்கலாமா?

பல கப்பல்கள்ல ரொட்டி, பழம், காபிக்குக் காசு கிடையாது. சூடான பலகாரத்துக்குச் சில கப்பல்ல தனிக் கட்டணம் உண்டு. அட்டையைப் படிச்சுட்டுக் குறிங்க, நேயர்களே!