பேஸ் கிட்டாரின் காந்தக் காது

ஆடி மாதம் வந்துவிட்டால் காஞ்சிபுரத்துச் சுற்று வட்டாரத்தில் அம்மன் கோயில்தோறும் மெல்லிசைக் கச்சேரிதான். ஏனாத்தூரில் என்னிடம் இயற்பியல் பயின்ற நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அத்தகைய குழுவொன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிட்டாரும் கையுமாக வாசலில் வந்து நின்றான்.

"சார், ஒரு பிக்-அப் செத்துப் போச்சு. புதுசு வாங்கி நானே பற்ற வச்சேன். ரெண்டையும் சேர்த்துத் திறந்தா பேஸே வரல, இரைச்சல்தான் வருது. ராத்திரி கச்சேரி சார்!"

இளையராஜாவின் பாடல்களைக் கவனித்துக் கேட்பவர்கள் பேஸ் கிட்டார் தனியொரு மெட்டே பாடுவதை அறிவார்கள். அது வராவிட்டால் கச்சேரிக்கு முதுகெலும்பில்லை.

பிக்-அப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள், அவ்வளவே. 1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இங்கும் வேலை செய்கிறது. ஆனால் காந்தம் அசைவதில்லை. அதன் அருகாமையால் தானும் காந்தமேறிய எஃகுத் தந்தி அதிர்கிறது, சுருளை ஊடுருவும் காந்தப் பாயம் மாறுகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது. (வீணையின் பித்தளைத் தந்திகளை இந்தக் காது கேளாது!) சுருளின் எனாமல் செப்புக் கம்பி ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் தடிமன், பல ஆயிரம் சுற்றுகள். சரிகை இழை பார்த்துப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு அதன் மென்மையைச் சொல்லத் தேவையில்லை. ஓரிடத்தில் அறுந்தாலும் பிக்-அப் ஊமைதான்.

நான் முதலில் மின்தேக்கியைச் சந்தேகித்து, அதைக் கழற்றி மாற்றி ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். கோளாறு வேறிடத்தில் இருந்தது.

பிக்-அப் இருவகைக் குறிகளைத் தருகிறது. தந்தியின் குறி, சுருள் சுற்றிய திசை, காந்த முனை ஆகிய இரண்டையும் பொறுத்தது. ஒன்றை மாற்றினால் குறி தலைகீழாகும், இரண்டையும் மாற்றினால் பழையபடியே இருக்கும். மின்சாரக் கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கோ காந்தத்தைப் பற்றிக் கவலையில்லை. சுருளின் திசை மட்டுமே கணக்கு. பேஸ் கிட்டாரின் அடித்தந்தியில் மூன்றாம் கட்டை எழுப்பும் சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆகவே இரைச்சலை வடிகட்டி நீக்கலாமென்றால் இசையும் உடன் போய்விடும்.

முள் உள்ள மல்டிமீட்டரைப் பிக்-அப்பில் இணைத்து, காந்த முனைமேல் திருப்புளியை வைத்து வெடுக்கென்று எடுத்தோம். பழைய பிக்-அப்பில் முள் வலப்புறம் துள்ளியது, புதியதில் இடப்புறம். பிறகு திசைகாட்டியைக் காட்டினோம். காந்த முனைகளும் எதிரெதிர். அப்படியானால் இரு சுருள்களும் ஒரே திசையில் இணைந்திருக்கின்றன. அதனால்தான் இரைச்சல்கள் கூடின. தந்திக் குறிகள் ஒன்றையொன்று அழித்தன; அதிலும், இரு பிக்-அப்களின் மேலும் தந்தி ஏறக்குறைய ஒருசேர அசையும் தாழ்ந்த அதிர்வுகளே அதிகம் அழிந்தன.

புதிய பிக்-அப்பின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்ற வைத்தோம். (பிக்-அப்பின் உலோக மூடி ஒரு கம்பியோடு சேர்ந்திருந்தால் அதை முதலில் பிரித்து, தனியே தரைக் கம்பியோடு இணைக்க வேண்டும்.) இப்போது சுருள் எதிர்த் திசை, காந்தமும் எதிர் முனை. தந்திக் குறிகள் கூடின, இரைச்சல் அடங்கியது.

ஆனால் ஒலிக் குமிழ்கள் இரண்டும் சமமாகத் திறந்திருக்கும் வரையில்தான் இந்த நன்மை. ஒன்றைச் சற்றே குறைத்தாலும் இரைச்சல் தலைகாட்டும். பையன் அன்றிரவு இரண்டையும் முழுத் திறப்பில் வைத்தே கடைசிப் பாட்டுவரை வாசித்தான்.