தொடாமலே தலைக்குள் மின்னோட்டம்

மண்டையோடு மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. தலையில் மின்வாய்களை ஒட்டி மின்னோட்டம் செலுத்தினால், பெரும்பகுதி தோல் வழியாகவே சுற்றிப் போய்விடும். காந்தப்புலத்துக்கு அந்தத் தடை இல்லை. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இங்கேதான் கைகொடுக்கிறது. தலையைச் சுற்றிக் கம்பிச்சுருள்களை வைத்து, ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ச்சுவார்கள். உடனே மூளைத் திசுவுக்குள் மெல்லிய சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை உண்டாக்கும் காந்தப்புலத்தை மற்ற சுருள்கள் பதிவுசெய்ய, கணினி அதைப் படமாக்கும். உடம்பில் எதையும் ஒட்ட வேண்டாம், எக்ஸ்ரே கதிரும் இல்லை.

மூளைத் திசுவைவிட ரத்தம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் ரத்தம் கசிந்த இடம் படத்தில் தனித்துத் தெரியக்கூடும். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கசிவா, அடைப்பா என்று தெரியாமல் அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் செலுத்த முடியாது. அதை ஆம்புலன்ஸிலேயே காட்டிக்கொடுக்கும் கருவி வந்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள்! ஆனால் திசுவிலிருந்து திரும்பும் சைகை, செலுத்திய காந்தப்புலத்தில் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சுருள் இம்மி நகர்ந்தாலும் படம் கெட்டுவிடும். ஆகவே காந்தத் தூண்டல் டோமோகிராபி எனும் இந்த முறை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.