படகில் பிறந்தவனுக்கு எந்த ஊர்?

“படகுல பொறந்த பிள்ளைக்கு எந்த ஊருன்னு எழுதுவாங்க தம்பி?”

பழவேற்காடு படகுத்துறைக்குப் பக்கத்து டீக்கடையில் ஓர் அக்கா இதைக் கேட்டபோது காலை ஏலம் முடிந்திருந்தது. காலி இறால் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, தங்கை மகனின் கதையைச் சொன்னார். பாலம் வராத காலம் அது. லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் யாருக்கு என்ன என்றாலும் தண்ணீரைத் தாண்டித்தான் இந்தக் கரைக்கு வர வேண்டும். தங்கைக்கு இடுப்புவலி கண்டு படகில் ஏற்றினார்கள். கரை தொடுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் சேயும் நல்லபடி இருக்கிறார்கள் என்ற நிம்மதியில், இந்தக் கரையில் கொஞ்சம் வெந்நீர் வாங்கிக் கொடுத்து, அதே படகில் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். பதிவு என்ற ஒன்று அன்று யார் நினைவிலும் இல்லை. இப்போது அந்தப் பையன் வெளிநாட்டு வேலைக்குப் போகப் பார்க்கிறான். அங்கே கேட்கிற தாள்களில் முதல் தாள் பிறப்புச் சான்றிதழ்.

அக்காவின் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகளில், ஓடும் வாகனத்தில் பிறக்கும் குழந்தையைப் பற்றித் தனியாக ஒரு விதி உண்டு. வண்டியைப் பொறுப்பேற்று ஓட்டுகிறவர், அது முதலில் எங்கே நிற்கிறதோ அங்கே தகவல் கொடுக்க வேண்டும். வாகனம் என்றால் எவையெவை என்றும் அதே விதி வரிசையாகச் சொல்கிறது. விமானம், கப்பல், ரயில் பெட்டி, மாட்டு வண்டி, ரிக்‌ஷா. அந்த வரிசையில் படகும் இருக்கிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து இதை எழுதியவருக்கு, படகிலும் பிள்ளை பிறக்கும் என்று தெரிந்திருக்கிறது. அதை முதன்முறை படித்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது.

“அப்போ பழவேற்காடுதான் அவன் ஊரா?”

“படகு மொதல்ல இங்கதானே நின்னுது அக்கா. அதனால இந்த ஊராட்சிப் பதிவேடுதான்.”

இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். சான்றிதழ் கிடைப்பது நாம் குடியிருக்கும் ஊரில் அல்ல, பிள்ளை பிறந்த இடத்தில். குப்பத்து வீட்டில் பிறந்தால் அந்த ஊராட்சிக்கான கிராம நிர்வாக அலுவலர்தான் (வி.ஏ.ஓ.) பதிவாளர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தால் அங்கேயே பதிவாகும். சிக்கலான பிரசவம் என்று ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால், சான்றிதழ் சென்னை மாநகராட்சியுடையது, இங்கே வி.ஏ.ஓ. அலுவலக வாசலில் எத்தனை நாள் நின்றாலும் வராது. பழவேற்காடு ஏரி இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தாய்வீடு சூளூர்ப்பேட்டைப் பக்கம் என்று அங்கே பிரசவத்துக்குப் போன பெண்களின் பிள்ளைகளுக்கு ஆந்திரத்தில்தான் பதிவு. அங்கே வாங்கிய சான்றிதழ் இங்கேயும் செல்லும், இந்தியா முழுக்கச் செல்லும்.

நாள் கணக்கு அடுத்தது. பிறந்து 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும். 30 நாள் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு போய்விட்டால் கோட்ட அளவிலான அதிகாரியின் உத்தரவு இல்லாமல் எந்தப் பதிவாளரும் பேனாவைத் தொட முடியாது. நம் பக்கத்துக்கு அது பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகம்.

இரண்டாவது டீ வந்தது. அக்கா கவலையோடு, “அப்படின்னா நேரா பொன்னேரிக்குப் போயிடலாமா?” என்றார்.

அங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். முதலில் தேட வேண்டும். வீட்டில் பெரியவர் யாராவது மற்றவர்களுக்குத் தெரியாமலே சொல்லி வைத்து, பெயர் ஏட்டில் ஏறியிருக்கவும் கூடும். ஊராட்சிகளின் பழைய பதிவேடுகள் பதிவுத்துறையின் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே மனுக் கொடுத்தால் தேடிப் பார்ப்பார்கள். இருந்தால் சான்றிட்ட நகல் கையில் கிடைக்கும், கதை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால், ‘பதிவு இல்லை’ என்று எழுதித் தருவார்கள். வெறும் கையோடு திரும்பிய மாதிரித் தோன்றும். ஆனால் பொன்னேரிக்குப் போகும்போது மேலே வைக்க வேண்டிய தாள் அதுதான். அதனுடன் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, பெற்றோரின் அடையாளச் சான்றுகள். கீழ் அலுவலர்களை விசாரிக்கச் சொல்லி அறிக்கை கேட்பார்கள், பிறகு உத்தரவு வரும். அந்த உத்தரவைக் கொண்டுவந்து பதிவாளரிடம் கொடுத்தால்தான் பெயர் ஏறும்.

தேடுவதற்கு ஆண்டுக் கணக்கில் கட்டணம். எந்த ஆண்டு என்று தெரியாமல் பத்து ஆண்டுகளைத் தேடச் சொன்னால் பத்துக்கும் கட்ட வேண்டும். அக்காவுக்குத் தேதி தெரியவில்லை. ஆனால், “சுனாமிக்கு மூணு வருசம் முன்னாடி, எங்க குப்பத்துக்குப் பாடு, அதான் மீன்பிடி முறை, வந்த வாரம், ஐப்பசி மழை” என்று சொன்னார். சுனாமி 2004 டிசம்பர் 26. அப்படியானால் 2001, அக்டோபர் நவம்பர். இதைவிடத் துல்லியமாக யார் சொல்வார்கள்! இந்தக் கரையில் மூத்தவர்களிடம் கேட்டால் 1984 நவம்பர்ப் புயலை வைத்து வயது சொல்வார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 17-ஆம் நூற்றாண்டுக்காரர்களின் நாளும் பெயரும் கல்லில் வெட்டிக் கிடக்கின்றன. அதே ஊரில் நம் பிள்ளைகளின் நாள் புயலின் நினைவில் மட்டும் தங்கியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அக்காவுக்குப் பேத்தி ஒருத்தியும் இருக்கிறாள், எட்டு மாதம். அவளுக்குச் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் பெயர்க் கட்டம் காலி. பெயர் வைக்கும் முன்னே பதிவு செய்வது நம் வழக்கம்தான், அதில் தவறில்லை. பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, இந்த வாரமே போய்விடுங்கள் என்றேன். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் சான்று இந்தத் தாள்தான். அவள் மாமாவைப் போலப் பள்ளிச் சான்றைக் காட்டிச் சமாளிக்க அவளுக்கு வழியில்லை.

கர்ப்பமாக இருக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2017 அக்டோபரிலிருந்து பிறப்பைப் பதிய, தாயின் 12 இலக்க ஆர்.சி.எச். எண் வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தால் அது கிடைக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது துணிப்பையில் அந்த எண்ணையும் எடுத்துப் போக வேண்டும். தாய் தகப்பன் பெயரையும் இனிஷியலையும் ஆதாரில் உள்ளபடியே சொல்ல வேண்டும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தத் திரும்ப மனு, திரும்ப அலைச்சல், ஒரு நாள் தொழில் போச்சு.

பதிவு முடிந்து 7 நாளுக்குள் முதல் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதற்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னதும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கிளம்பும்போது கேட்டேன். “அன்னிக்குப் படகு ஓட்டினது யாரு அக்கா?”

“எங்க சித்தப்பாதான். இப்பக் கண்ணு சரியாத் தெரியல. வலை மட்டும் பின்னுவாரு.”

விதிப்படி அன்றைக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டியவர் அவர். விசாரணைக்கு வரும்போது, எந்த நாள், எந்தக் கரை என்று சொல்ல அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அக்கா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, “அவருக்கு அந்த ராத்திரி நல்லா ஞாபகம் இருக்கும்” என்று சொல்லியபடி பாலத்துப் பக்கம் நடந்தார்.