வைரம் மின்னுவது எதனால்? வெட்டுக் கோணமும் ஒளியின் பாதையும்

"வைரம் மின்னுவதற்குக் காரணம் யாது?" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் "முழு அகத்தெறிப்பு" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்று விடுவர். அது பிழையான விடை அன்று. ஆனால் பாதி விடையே. அதே வைரத்தைப் பொருத்தமற்ற கோணத்தில் வெட்டினால், அது கண்ணாடித் துண்டு போல மங்கித் தோன்றும்.

இதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பார்க்கில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் கோகினூர் வைரம் வைக்கப்பட்டது. அதைக் காணத் திரண்ட மக்கள் ஏமாற்றத்துடன் திரும்பினர். உலகப் புகழ் பெற்ற அந்தக் கல் எதிர்பார்த்தபடி மின்னவில்லை. அடுத்த ஆண்டே அம்ஸ்ரர்டாம் நகரிலிருந்து வரவழைக்கப்பட்ட கைவினைஞர்கள் அதை மீண்டும் வெட்டினர். இன்றைய கரற் அளவில் ஏறத்தாழ 191 ஆக இருந்த நிறை 105.6 ஆகக் குறைந்தது. அதாவது ஏறத்தாழ 45 சதவீதம் தூளாகிப் போனது. ஒளிக்காக இவ்வளவு நிறையை இழக்கத் துணிந்தார்கள் என்றால், வெட்டும் கோணத்தில் என்ன இருக்கிறது?

முதலில் அவதிக் கோணத்தைக் கணிப்போம். வைரத்தின் முறிவுச் சுட்டி 2.42 ஆகும்.

சைன் C = 1 ÷ 2.42 = 0.413
C = 24.4° (அண்ணளவாக)

முறிவுச் சுட்டி 1.5 உடைய கண்ணாடிக்கு இப்பெறுமானம் ஏறத்தாழ 42° ஆகும். வைரத்தினுள்ளே செல்லும் கதிர் ஒன்று, அதன் மேற்பரப்பில் 24.4° இலும் கூடிய படுகோணத்தில் பட்டால் வெளியேற முடியாது; முழுமையாக உள்ளே தெறிக்கும். கண்ணாடியில் 30° இல் படும் கதிர் வெளியே தப்பிவிடும். வைரத்தில் அதே கதிர் அகப்பட்டுக் கொள்ளும். (அடர்த்தி கூடிய ஊடகத்திலிருந்து அடர்த்தி குறைந்த ஊடகத்துக்குச் செல்லும்போது மட்டுமே இது நிகழும் என்பதை விடையில் எழுத மறக்க வேண்டாம். பலர் புள்ளி இழக்கும் இடம் இதுவே.)

ஆனால் ஒளியை உள்ளே அடைத்து வைப்பதால் மட்டும் பயனில்லை. அது திரும்பவும் மேற்புறத்தால் வெளியேறி, பார்ப்பவரின் கண்ணை அடைய வேண்டும். வட்ட வடிவில் வெட்டப்பட்ட வைரத்தின் மேற்பாகத்தில் தட்டையான பெரிய முகம் ஒன்று உண்டு. இதனை மேசை முகம் என்போம். அதைச் சுற்றிச் சரிவான முகங்கள் அமைந்திருக்கும். கீழ்ப்பாகம் கூம்பு போலக் குவிந்து செல்லும். மேலே 33, கீழே 24 என மொத்தம் 57 முகங்கள்.

இப்போது பாகைமானியை எடுத்துத் தாளில் வரைந்து பாருங்கள். கீழ்ப்பாக முகம் கிடையுடன் அமைக்கும் கோணம் θ என்க. மேசை முகத்துக்குச் செங்குத்தாக உள்ளே வரும் கதிர் முறிவடையாது நேரே கீழிறங்கி, முதலாவது சரிவில் θ என்ற படுகோணத்தில் படும். அங்கே தெறித்து எதிர்ப்புறச் சரிவை அடையும்போது அதன் படுகோணம் 180° − 3θ ஆகும்.

θ = 20° எனின், முதற் படுகோணமே 24.4° இலும் குறைவு. கதிர் அடியால் வெளியேறிவிடும். θ = 55° எனின், முதலாவது சரிவில் தெறிப்பு நிகழும்; ஆனால் இரண்டாவதில் படுகோணம் 180° − 165° = 15° மட்டுமே. அங்கே கதிர் தப்பிவிடும். ஆகவே, ஆழம் குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். உண்மையில் கல்லுக்குள் ஒளி பல திசைகளிலிருந்தும் நுழைவதால், கோணம் இவ்வளவு தூரம் மாற வேண்டியதில்லை. சில பாகை பிசகினாலே கல்லின் நடுப்பகுதி இருண்டு காணப்படும்.

1919இல் மார்சல் தொல்கோவ்ஸ்கி என்பவர் இக்கதிர்ப் பாதைகளைக் கணித்து நூலாக வெளியிட்டார். வைரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியியல் மாணவர் அவர். கீழ்ச்சரிவுக்கு 40.75°, மேற்சரிவுக்கு 34.5°, மேசை முகத்தின் அகலம் கல்லின் விட்டத்தில் 53 சதவீதம் என்பவை அவருடைய பெறுமானங்கள். θ = 40.75° என இட்டுப் பார்த்தால், இரு படுகோணங்களும் 40.75°, 57.75° என வருகின்றன. இரண்டும் அவதிக் கோணத்திலும் கூடியவை. அதன்பின் கதிர் நிலைக்குத்துடன் 17° சாய்ந்து மேலே வந்து, மேற்சரிவில் 34.5° − 17° = 17.5° இல் படும். இது அவதிக் கோணத்திலும் குறைவாகையால் கதிர் வெளியேறும். கீழே அடைபடவும் மேலே விடுபடவும் ஒரே கல்லில் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது!

வெளியேறும் இந்தக் கணத்திலேதான் நிறங்கள் தோன்றுகின்றன. வைரத்தின் முறிவுச் சுட்டி சிவப்புக்கு ஏறத்தாழ 2.41, ஊதாவுக்கு 2.45. மேற்கூறிய கதிர் வெளியேறுகையில் சிவப்புக் கதிருக்கும் ஊதாக் கதிருக்கும் இடையே ஏறத்தாழ 1° வித்தியாசம் ஏற்படும். சிறிய கோணந்தான், எனினும் கண்ணை அடையும் முன் அது விரிந்துவிடும். கல்லைச் சற்றே அசைத்தால் ஒரு முறை சிவப்பும் மறுமுறை நீலமும் கண்ணில் படும். இதுவே வைரத்தின் நிறச்சுடர்; காரணம் அரியத்தில் நீங்கள் கண்ட அதே நிறப்பிரிகை.

பிரகாசமும் நிறச்சுடரும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க. மேசை முகத்தை அகலமாக்கினால் வெள்ளொளி அதிகமாகத் திரும்பும். ஆனால் சரிவு முகங்கள் சிறுத்து நிறச்சுடர் குறையும். ஒன்றைக் கூட்ட மற்றதில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். ஒளி விழும் விதமும் முக்கியம். நகைக்கடையின் சிறிய மின்குமிழ்களின் கீழ் நிறங்களை அள்ளி வீசும் கல், முகில் மூடிய நாளில் முற்றத்தில் வைத்துப் பார்த்தால் வெள்ளையாக மட்டும் ஒளிரும்.

நம் நாட்டிலும் இதே பிரச்சினை உண்டு. இரத்தினபுரியில் கிடைக்கும் நீலக்கல்லின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.77. கல் கரற் கணக்கில் விற்கப்படுவதால், பட்டை தீட்டுபவருக்கு நிறையைக் காப்பதா ஒளியைக் காப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு கல்லிலும் எழும். "மாத்தறை வைரம்" என்று பெயர் பெற்றது வைரமே அன்று. அது நிறமற்ற சிர்க்கோன் கல். அதன் முறிவுச் சுட்டி 1.92 – 1.98. பெயர் வந்ததற்கு அந்த இலக்கமே போதுமான விளக்கம்.

பயிற்சி: கீழ்ச்சரிவு 30° ஆக வெட்டப்பட்ட நீலக்கல்லின் நடுவே பார்த்தால், அடியில் வைத்த தாளின் எழுத்துகள் தெரிகின்றன. ஏன்?

விடை: சைன் C = 1 ÷ 1.77 = 0.565; C = 34.4°. படுகோணம் 30° என்பது இதிலும் குறைவு. எனவே முழு அகத்தெறிப்பு நிகழாது. ஒளி கல்லை ஊடுருவிச் செல்லும். அதே 30° இல் வெட்டிய வைரத்தில், செங்குத்தாக நுழையும் கதிருக்கு முதலாவது சரிவில் என்ன நிகழும் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள்.