கார் நடுங்குதா... மிதித்தால் திணறுதா? பாகத்தை மாற்றும் முன் இதைப் படியுங்கள்!

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றபோதுதான் முதன்முதலில் கவனித்தேன். நின்ற இடத்திலேயே கார் நடுங்கியது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரும் சேர்ந்து ஆடினார். "என்னங்க, வண்டிக்கு குளிர் ஜுரமா?" என்றார் மனைவி. சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்தச் சிரிப்பு அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. விழுப்புரம் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். கார் வேகம் எடுக்காமல், விட்டுவிட்டு வெட்டி இழுத்தது. பக்கத்தில் லாரி, பின்னால் ஹாரன் அடித்தபடி ஆம்னி பஸ், பின் சீட்டில் குழந்தைகள். 'செக் இன்ஜின்' விளக்கும் எரிந்தது. எப்படியோ இடதுபக்கம் ஒதுங்கி மூச்சு விட்டேன்.

வழியில் ஒரு ஒர்க்‌ஷாப். இன்ஜின் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டவர், "நாலு இன்ஜெக்டரும் போச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்றார். சொன்ன தொகை இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல். மனசு ஒப்பவில்லை. மெதுவாக ஓட்டி, உளுந்தூர்பேட்டையில் மாமனாருக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன்.

அவர் போனெட்டைத் திறக்கும் முன் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "எப்ப நடுங்குது மாப்ள? காலையில ஸ்டார்ட் பண்ணதுமா, சூடான பிறகா? ஏசி போட்டா அதிகமாகுதா? மேட்டுல ஏறும்போது இழுக்குதா?"

பிறகு ஸ்கேனரைச் செருகினார். திரையில் பி0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். இன்ஜின் ஆறியதும், 2-வது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி 3-வதிலும், 3-வதில் இருந்ததை 2-வதிலும் மாட்டினார். பழைய கோடை அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டினால், இப்போது பி0303. காயில் போன இடத்துக்கே கோளாறும் போய்விட்டது! ஒரே ஒரு காயில் மாற்றினோம். செலவு மூவாயிரத்துக்குள். இன்ஜெக்டர்கள் இன்றுவரை அதேதான்.

ஏன் நடுங்குகிறது?

பெட்ரோல் இன்ஜினுக்குத் தேவை மூன்று: சரியான அளவு காற்று, சரியான அளவு பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி. நிற்கும்போது இன்ஜின் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகள் சுழலும். நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால், மீதி மூன்றும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதுதான் நடுக்கம். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள்.

'எப்போது' என்று பாருங்கள்

● நிற்கும்போது நடுக்கம், வேகத்தில் சரியாகிறதா? வேக்யூம் ஹோஸில் வெடிப்பு விழுந்து காற்று கசியலாம். 'உஸ்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஏசி போட்டதும் வண்டி அணையப் பார்த்தால், த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கலாம்.

● நிற்கும்போது சரி, மிதித்தால் திணறலா? பெட்ரோல் போதிய அழுத்தத்தில் வரவில்லையோ என்று ஃபியூயல் பம்ப், ஃபில்டரைச் சோதிக்க வேண்டும். பலவீனமான பிளக், காயிலும் லோடு ஏறும்போதுதான் காலை வாரும்.

● இரண்டு நேரத்திலுமா? ஒரு சிலிண்டரின் பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்றின் மீது சந்தேகப்படலாம்.

● மழையிலோ, வாட்டர் வாஷ் செய்த பிறகோ ஆரம்பித்ததா? பிளக், காயில் பகுதியில் ஈரம் இறங்கியிருக்கலாம்.

● பெட்ரோல் போட்டதும் ஆரம்பித்ததா? பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். பங்க் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

● ஆர்.பி.எம். முள் ஆடாமல் வண்டி மட்டும் நடுங்குகிறதா? இன்ஜின் மவுன்ட் ரப்பர் தேய்ந்திருக்கலாம். முதல் கியரில் நகரும்போது மட்டும் என்றால் கிளட்ச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே ஃபியூயல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீர், இஜிஆர் வால்வில் படியும் கார்பன், இன்ஜெக்டர் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

முதலில் ஏர் ஃபில்டர், பிளக், ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது காரோடு வந்த மேனுவலிலேயே இருக்கும். அடுத்து த்ராட்டில் பாடி கிளீனிங். இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் கடைசியில்தான்.

ஸ்கேனர் காட்டும் கோடை மட்டும் நம்பிப் பாகம் வாங்காதீர்கள். பி0302 என்றால் கோளாறு எந்த சிலிண்டரில் என்றுதான் தெரியும். எந்தப் பாகம் என்று தெரியாது. பி0171 வந்தால் பலர் உடனே ஆக்ஸிஜன் சென்ஸாரை மாற்றிவிடுகிறார்கள். அந்த கோடுக்கு, பெட்ரோலைவிடக் காற்று அதிகமாக இருக்கிறது என்பதே அர்த்தம். ஒரு ஹோஸ் வெடிப்பே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இதில் தாமதம் வேண்டாம்!

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், மெதுவாக ஓட்டிச் சென்று சீக்கிரம் காட்டுங்கள். அது விட்டுவிட்டு மின்னினால், வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய், அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலை காயிலைப்போலப் பல மடங்கு.

பெட்ரோல் வாடை வந்தால் இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் ஒயரையோ கழற்றிப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட்.

அடுத்த முறை கார் நடுங்கினால், ஆர்.பி.எம். முள்ளையும் சத்தத்தையும் பக்கத்தில் இருப்பவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எப்போது வருகிறது, எத்தனை நாளாக, கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். யாராவது பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், "எப்படி உறுதி பண்ணீங்க?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், கூட்டிப்போய்க் காட்டுவார். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளையார் இப்போது ஆடாமல் அமர்ந்திருக்கிறார்!