பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

ஜார்க்கண்டின் கோடர்மாவில் தங்க நாற்கரச் சாலைப் பணியில் இருந்த பொறியாளர் சத்யேந்திர துபே, 2002 நவம்பரில் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒப்பந்த வேலைகளில் நடந்த முறைகேடுகளை விவரித்தவர், தன் சொந்த விவரங்களை மட்டும் ரகசியம் கருதித் தனித் தாளில் எழுதி இணைத்தார். மொட்டைக் கடுதாசியை யாரும் மதிப்பதில்லை என்பதால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அந்தத் தாளும் கடிதத்தோடு சேர்ந்தே பிரதமர் அலுவலகத்திலிருந்து அமைச்சகத்துக்குப் போனது. அங்கிருந்து அவர் வேலை பார்த்த நெடுஞ்சாலை ஆணையத்துக்கே போய்ச் சேர்ந்தது.

2003 நவம்பர் 27 அதிகாலை, கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. 2010-இல் மூவர் தண்டிக்கப்பட்டார்கள். கொலைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு உண்டா என்ற வாதம் ஓயவில்லை. பெயர் கசிந்ததில் மட்டும் வாதத்துக்கே இடமில்லை.

அந்தச் சாவு கிளப்பிய கொந்தளிப்பில்தான் 2004 ஏப்ரலில், ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காக்கும் பி.ஐ.டி.பி.ஐ. (PIDPI) என்ற மத்திய அரசுத் தீர்மானம் பிறந்தது. மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசு வங்கிகளில் நடக்கும் ஊழல் பற்றிய புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையச் செயலருக்கு அனுப்பலாம். ஒட்டிய உறையின் மேல் 'பி.ஐ.டி.பி.ஐ.' என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அனுப்புநர் முகவரி உறையில் இருக்கக் கூடாது. பெயரும் முகவரியும் உள்ளேதான். புகார் கொடுத்தது நீங்கள்தானா, வேறு எங்காவது நகல் அனுப்பினீர்களா என்று கேட்டு ஆணையம் கடிதம் எழுதும். பதில் வந்த பிறகு பெயரை நீக்கிவிட்டு விசாரணைக்கு அனுப்பும். ஆத்திரத்தில் நாலு பேருக்கு நகல் அனுப்பியவருக்கு இந்தக் கவசம் கிடைக்காது.

ஆனால் பெயரை மறைத்தால் போதுமா? "கடந்த மார்ச்சில் நான் இந்த பில்லை எதிர்த்துக் குறிப்பு எழுதினேன்" என்ற ஒரு வரி போதும், ஆளை அடையாளம் காட்ட. அந்தக் கோப்பு எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்? மூன்றோ நான்கோ. கோப்பு எண், தேதி, தொகை இவற்றை மட்டும் சொல்லி, 'நான்' என்பதையே தவிர்த்து எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

மாநில அரசு ஊழியர்களுக்கு எதிரான புகார்களுக்கு இந்தத் தீர்மானம் பொருந்தாது. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தல் பற்றிப் போலீசில் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25 அன்று தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. புகார் கொடுப்பதே அவர் வேலை. அவர் பெயரை எந்த உறையில் மறைப்பது?

பழிவாங்கல் எப்போதும் அரிவாளோடு வருவதில்லை. மெமோ வரும், தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வரும், ஓய்வு பெறும் நேரத்தில் 17(பி) விதிப்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். என்றோ பாஸான பயணப்படி பில்லைத் தூசி தட்டி எடுப்பார்கள். பி.ஐ.டி.பி.ஐ. வழியில் போனவர் இந்தத் தொல்லைக்கு எதிராக ஆணையத்திடமே முறையிடலாம். குற்ற வழக்கில் சாட்சியாகிவிட்டால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்பு கேட்க வழி உண்டு.

மாநில அரசு ஊழியர்களையும் சேர்த்து, அம்பலப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் ஒன்று 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. பெயரை வெளியிடுபவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது அது. அமலாக்க அறிவிப்பு மட்டும் வரவில்லை. ஒப்புதல் பெற்ற சட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுவது, சட்டமே இல்லாததைவிட மோசமான கேலி.

தனியார் ஊழியருக்கு நிலைமை இன்னும் மெலிவு. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 177-வது பிரிவு, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் புகார் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் இடம் தருகிறது. ரான்பாக்ஸியில் மருந்துச் சோதனைத் தரவுகள் புனையப்பட்டதைக் கண்ட தினேஷ் தாக்கூரும் முதலில் நிறுவனத்துக்குள்தான் பேசிப் பார்த்தார். பலனில்லாமல் 2005-இல் வேலையை விட்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போனார். 2013-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது; அமெரிக்கச் சட்டப்படி அவருக்குச் சுமார் 4.8 கோடி டாலர் பங்கு கிடைத்தது.

இந்தியாவில் அதற்குக் கொஞ்சம் நெருங்கி வருவது, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2019 விதி. உள்தகவலை வைத்துப் பங்கு வணிகம் செய்பவர்களை வழக்கறிஞர் வழியாகக்கூடக் காட்டிக் கொடுக்கலாம். வெகுமதி உண்டு, அதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது. மாத்திரையில் மருந்து குறைவதையும் பாலத்தில் சிமெண்ட் குறைவதையும் சொல்பவருக்கு அந்த விதி பொருந்தாது.