ஏணி எழுத்து

பாகலூரினின்று ஓசூர் செல்லும் பேருந்தில் விடியற்காலையில் ஏறுவோர் இருவகையினர். ரோஜாக்கட்டும் கொத்துமல்லிக்கட்டும் கொண்டு சந்தைக்குச் செல்வோர் ஒரு சாரார். நீலச் சட்டையணிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, முதல் ஷிப்டுக்கு விரைவோர் மற்றொரு சாரார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் அப்பேருந்தில் ‘பி. எல். சி.’ என்னும் மூன்றெழுத்து மட்டும் எம்மொழியிற் பேசுவோர் வாயிலும் மாறாது வருதலை நாம் சிறுவயது முதற் கேட்டதுண்டு. அஃது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரென்றே நெடுநாள் எண்ணியிருந்தோம்.

அங்ஙனமன்று எனச் சென்ற கோடை விடுமுறையில் அறிந்தோம். நம் சிறிய தந்தையார் ஓசூரையடுத்த ஒரு சிறு தொழிற்கூடத்தில் மின்வேலை பார்ப்பவர். தகட்டை அழுத்தி வண்டி உறுப்புக்கள் செய்யும் இடம் அது. 1971இல் நிறுவப்பெற்ற சிப்காட் ஓசூரில் தொழிற்பேட்டை வகுத்த பின்னர், அசோக் லேலண்டு, டி. வி. எஸ்., டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் அங்கே தோன்றின. அவ்வாலமரங்களின் நிழலிலே முளைத்த நூற்றுக்கணக்கான சிறு கூடங்களுள் இதுவும் ஒன்று. தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு அங்கு யாது வேலையென நண்பர்கள் நகைக்கலாம். சிறிய தந்தையாரும் முதலில் நகைக்கவே செய்தார். பின்பு இரும்புப் பேனலின் கதவைத் திறந்து, செங்கல்லினும் சற்றுப் பெரியதாய்ப் பச்சை விளக்குக்கள் மினுக்கிக்கொண்டிருந்த ஒரு பெட்டியைச் சுட்டி, “இதுதானப்பா பி. எல். சி.; இந்த பிரஸ் இதன் பேச்சைத்தான் கேட்கும்,” என்றார்.

புரோகிராமபிள் லாஜிக் கண்ட்ரோலர் என்பது அதன் முழுப்பெயர். நாம் விரும்பியவாறு கட்டளை எழுதிவைக்கத்தக்க காரண காரியக் கருவி எனத் தமிழிற் கூறலாம். இது தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஹைட்ராமாட்டிக் பகுதியில், இயந்திரங்களை ஏவுதற்கு ரிலே எனப்படும் மின்காந்த விசைகளையே சுவர் சுவராக அடுக்கி வைத்திருந்தனர். வண்டியின் வடிவம் மாறுந்தோறும் அவ்விசைகளுக்கிடையே ஓடும் கம்பிகள் அனைத்தையும் அவிழ்த்து மீண்டும் பூட்டவேண்டும். சிற்சில வேளை பேனலையே எறிந்துவிட்டுப் புதிது செய்தல் எளிதாயிற்று. கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றத்தக்க கருவியொன்று வேண்டுமென 1968இல் அவர்கள் கேட்டனர். பெட்போர்டு அசோசியேட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைச் சார்ந்த டிக் மார்லி என்பாரும் அவர் துணைவரும் அதனை இயற்றினர். அந்நிறுவனத்தின் 84ஆவது வேலையாதலின் அதற்கு 084 என்றே பெயர் அமைந்தது. 1969இல் அது தொழிற்சாலைக்கு வந்தது. எண்ணெயும் இரும்புத்தூளும் பறக்குமிடத்தில் நிற்கவேண்டியதாகலின், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறிதானும் இன்றி அதனை அமைத்தனராம்.

நம்மை வியப்பிலாழ்த்தியது யாதெனில், அவர்கள் அக்கருவிக்கு வகுத்த மொழியேயாம். கணிதப் புலவர்க்கு மட்டும் விளங்கும் குறியீடுகளை அவர்கள் கொள்ளவில்லை. தொழிற்சாலையின் மின்வேலைக்காரர் ரிலே இணைப்புக்களைத் தாளில் எவ்வாறு வரைந்து பழகினரோ, அவ்வாறே கட்டளையையும் வரையச் செய்தனர். இருபுறமும் இரண்டு செங்குத்துக் கோடுகள். அவற்றிடையே படிப்படியாகக் குறுக்குக் கோடுகள். பார்வைக்கு ஏணி போன்றிருத்தலின் லாடர் என்றனர். நாம் ஏணி எழுத்தென்போம். 1993இல் சர்வதேச மின்தொழில் ஆணையம் இத்தகைய கருவிகட்கு ஐவகை எழுத்துக்களை விதித்தபோது ஏணியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. கற்றோர் வகுத்த மொழியைத் தொழிலாளர் மேற் சுமத்தாது, தொழிலாளர் மொழியைக் கற்றோர் ஏற்ற இச்செய்தி மொழி பயில்வார்க்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு வாக்கியம். இடப்புறத்தில் நிபந்தனைகள், வலப்புறக் கடையில் செயல். ஆங்கிலம் போலன்றித் தமிழைப் போலவே வினை இறுதியில் நிற்கின்றது. இரண்டு நிபந்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வைத்தால், இதுவும் அதுவும் உண்மையாயின் செயல் நிகழ்க என்பது பொருள். தொல்காப்பியர் உம்மைக்குக் கூறிய எட்டுப் பொருள்களுள் எண் என்பது இதுவே. ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்தாலோ, இதுவாதல் அதுவாதல் உண்மையாயிற் போதுமென்பதாம். குறியின் நடுவே ஒரு சாய்கோடு இழுத்தால் எதிர்மறை. இவை மூன்றனையும் கொண்டே பெரும்பாலான இயந்திரங்கள் ஏவப்படுகின்றன.

கருவி இவ்வேணியை வாசிக்கும் முறையும் அறியத்தக்கது. முதலில், பொத்தான்களும் உணரிகளும் எந்நிலையிலுள்ளன என அனைத்தையும் ஒருங்கே பார்த்துக் குறித்துக்கொள்ளும். அடுத்து, முதற்படி தொடங்கி ஈற்றுப்படி வரை வரிசையாக வாசித்து முடிவு காணும். அதன்பின்னரே மோட்டார், வால்வு முதலியவற்றிற்கு ஆணைகளை அனுப்பும். உடனே மீண்டும் தொடங்கும். இச்சுழற்சி ஒன்றிற்குச் சில மில்லி வினாடிகளே போதும். படிகளை வரிசையாக வாசித்தலால் ஒரு விபரீதமும் உண்டு. ஒரே மோட்டாரைப் பற்றி மூன்றாம் படியில் ஒன்றும் பத்தாம் படியில் மற்றொன்றுமாக எழுதிவிட்டால், பின்னதே நிற்கும்; முன்னது எழுதாதது போலாகும். புதிதாகப் பயில்வோர் பலரும் இங்கே இடறுவர் எனச் சிறிய தந்தையார் கூறினர். கட்டுரையின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் அதற்கு மாறாகவும் எழுதி ஆசிரியரிடம் அகப்பட்ட நமக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

நிறுத்தும் பொத்தானைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டார். “பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டாப் பொத்தானில் கரண்ட் இருக்குமா, இருக்காதா?” அழுத்தும்போது மட்டும் இருக்கும் என்று விடை கூறினோம். அது பிழையாம். அழுத்தாதபோது அதனூடே மின்சாரம் இடையறாது ஓடிக்கொண்டிருக்கும், அழுத்தினால் அறும். ஏனெனில், எலி கடித்தோ, ஆணி தளர்ந்தோ கம்பி அறுந்துபோனால், கருவி அதனையும் நிறுத்து என்னும் கட்டளையாகவே கொள்ளும். நாம் கூறிய முறையிலோ, கம்பி அறுந்ததை எவரும் அறியார். ஆபத்து வேளையில் அழுத்திய பின்னரே பொத்தான் செத்துக் கிடத்தல் வெளியாகும்.

இதே நுட்பம் நம் ஊர்ப்பக்கத்து ரோஜாத் தோட்டங்களிலும் காணப்படும். பாலித்தீன் கூரையிட்ட பெருங்குடில்களில் நீரோடு உரத்தையும் கரைத்துச் சொட்டுச் சொட்டாக வேருக்கு ஊட்டுவர். பெரிய குடில்களில் அந்நீரின் உப்புச்செறிவையும் புளிப்புத்தன்மையையும் அளவுகருவிகள் இடைவிடாது அளந்து பெட்டிக்கு அறிவிக்கும். அவ்வறிவிப்புப் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையுள்ள மின்னோட்டமாகச் செல்வது. அளவு சுழியாயினும் 4 மில்லியாம்பியர் ஓடும். முற்றும் ஒழிந்ததாயின், நீரில் உப்பில்லை என்பதன்று பொருள். கம்பி அறுந்தது என்பதே. இவ்வேறுபாடின்றேல், அறுந்த கம்பியை நம்பிக் கருவி உரத்தை மேன்மேலும் கொட்டி ஒரே இரவில் குடில் முழுவதையும் கருக்கிவிடக் கூடும். குறிப்பிட்ட அளவை அணுகுந்தோறும் உரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து மிகாமற் பார்க்கும் கணக்கும் உண்டு. வெந்நீரும் தண்ணீரும் கலந்து குழந்தையை நீராட்டும் தாய் கைவிட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்வது அதுவே.

இனி, நாம் அக்கூடத்திற்குச் செல்ல நேர்ந்த காரணத்தைக் கூறவேண்டும். நம் தெருவில் வாழும் அண்ணன் ஒருவர், ஐ. டி. ஐ. படித்தவர், வேறொரு கூடத்தில் பிரஸ் ஓட்டியவர். சென்ற ஆண்டு வலக்கையில் இரண்டு விரல்களை இழந்தார். அவ்வியந்திரத்திற்கு இரு பொத்தான்கள் உண்டு. இரண்டினையும் இரு கையாலும் அழுத்தினால் மட்டுமே மேற்பகுதி இறங்கும். இரு கையும் பொத்தானில் இருக்குமாயின் எக்கையும் தகட்டினடியில் இராது. நல்லேற்பாடே. ஆயினும் நாளொன்றுக்கு இத்தனை உருப்படி என்று கரும்பலகையில் எழுதிய தொகையை எட்டும்பொருட்டு, ஒரு பொத்தானில் வாஷரைச் செருகி அது எப்போதும் அழுந்தியிருக்கும்படி செய்துவிடுதல் அங்கு வழக்கமாயிருந்தது. ஒரு கை பொத்தானை அழுத்த, மறு கை தகட்டை வைக்கவும் எடுக்கவும் ஓய்வு பெற்றது. மேற்பார்ப்போர் கண்டும் காணாதிருந்தனர்.

இதனை ஏணியில் தடுத்தலாகாதோ என்று கேட்டோம். ஆகும் என்றார் சிறிய தந்தையார், எழுதியும் காட்டினார். “முதற் பொத்தானும் இரண்டாம் பொத்தானும்” என்று மட்டும் எழுதிய படி ஏமாறும். ஆகவே மூன்று நிபந்தனைகள் வேண்டும். இரண்டும் அரை வினாடிக்குள் சேர்ந்து அழுந்தவேண்டும். இறங்கும்போது எக்கை எடுபட்டாலும் உடனே நிற்கவேண்டும். ஒருமுறை இறங்கி ஏறிய பின்னர் இரு பொத்தான்களும் விடுபட்டாலன்றி மறுமுறை இறங்கலாகாது. வாஷர் செருகிய பொத்தான் ஒருபோதும் விடுபடாது. ஆதலின் இயந்திரம் அசையாது. இத்தனைக்கும் ஐந்தாறு படிகளே போதுமாயின. மறைந்த அண்மையை உணர்த்தும் உணரியோ, விலையுயர்ந்த காமிராவோ வேண்டியதில்லை. காலமும் முறையும் வாக்கியத்தில் நுழைந்ததே போதியதாயிற்று.

ஆயினும் இதனோடு நிறைவுறலாகாதென அவர் எச்சரித்தார். சாதாரண பி. எல். சி. தன் ஆணையை நிறுத்திய பின்னும், அதன் வெளிவாயிலிலுள்ள ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஏணியில் எழுதியது எவ்வளவு செம்மையாயினும் பயனில்லை. ஆதலின் உயிருக்கும் உறுப்புக்கும் இடையூறுள்ளவிடத்தில் பாதுகாப்பு ரிலே என்னும் தனிக்கருவி வேண்டும். அதனுள் ஒரே வேலைக்கு இரண்டு வழிகள் அமைந்து ஒன்றை மற்றொன்று கண்காணிக்கும். இரண்டும் ஒவ்வாவிடின் இயந்திரம் நிற்கும். பாதுகாப்பிற்கென்றே செய்த பி. எல். சி.க்களும் இம்முறையினவே. சிவந்த காளான் போன்ற அவசர நிறுத்தப் பொத்தானையும் சாதாரண ஏணியை மட்டும் நம்பி விடுவதில்லை.

தம் கூடத்தில் அவர் இவ்விரண்டனையும் செய்துமுடித்த மறுநாளே ஒரு கலகம் விளைந்தது. வாஷர் பயன்படாமற் போகவே உருப்படிகள் குறைந்தன. குறைந்தமையால் ஊக்கத்தொகை போயிற்றென ஆபரேட்டர்களே சினந்தனர். தம் விரலைக் காக்கும் படியைத் தாமே வெறுக்கும் நிலை எத்துணைக் கொடியதென நாம் நின்று நோக்கினோம். பழைய ஏணியையே திரும்ப ஏற்றும்படி மேற்பார்வையாளரும் வந்து கேட்டார். சிறிய தந்தையார் மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. பேனலைத் திறந்து, அக்கருவியினுள் ஓர் எண்ணியை எழுதினார். இரு கையாலும் முறைப்படி அழுத்தினால் மணிக்கு எத்தனை உருப்படி வருமென்பதை அது தானே எண்ணிவந்தது. மூன்று நாள் கழித்து அத்தொகையைத் தாளில் எழுதி, கரும்பலகைத் தொகையையும் அதன் பக்கத்தில் எழுதி, முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வாஷர் இல்லாமல் அப்பலகைத் தொகையை ஒரு நாளும் எட்டியிருக்க முடியாதென்பது அதில் விளங்கியது. முதலாளி நெடுநேரம் தாளையே பார்த்திருந்தாராம்.

நம் தெரு அண்ணன் இப்பொழுது ஓசூரில் மற்றோரிடத்தில் உருப்படிகளைச் சோதித்துப் பார்க்கும் பகுதியில் இருக்கின்றார். மாலையில் சிறிய தந்தையார் வீட்டிற்கு வந்து, மடிக்கணினியில் ஏணி எழுதப் பழகுகின்றார். இடக்கையால் விரைவாகவே தட்டுகின்றார். விடுமுறை முடிந்து நாம் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில் அக்கூடத்தின் வழியே சென்றோம். கரும்பலகையிலிருந்த தொகையை ஈரத்துணியால் துடைத்திருந்தனர். அவ்விடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.